கேட்கத் தயங்கிய ஒரு கேள்வி

(இந்தக் கட்டுரை தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. படிக்கும்போது மனசு கனத்தால் அப்படியே நிறுத்திவிட்டு 13 11 14 என்ற லைஃப்லைன் எண்ணில் யாரிடமாவது பேசுங்கள். யாருடைய உயிராவது இப்போதே ஆபத்தில் இருந்தால் 000.)

பிப்ரவரி மாதம். டார்னெய்ட்டில் 38 டிகிரி வெயில். அன்றைக்கும் என் மகன் முழுக்கை ஹூடியோடுதான் ஸ்கூலிலிருந்து வந்தான். "கழட்டுடா, பார்க்கிற எனக்கே வேர்க்குது" என்றேன். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பதினைந்து வயசுப் பையன் கதவைச் சாத்துவது புதுசா என்ன? நான் பருப்பு வேக வைக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மடித்த துணியை வாங்கிக்கொள்ள அவன் கையை நீட்டியபோது சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியது. என்ன பார்த்தேன் என்று இங்கே விவரிக்கப் போவதில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறான் என்பது புரிந்தது. அது போதும்.

அடுத்த பத்து நிமிஷத்தில் நான் செய்ததெல்லாம் தப்பு. கத்தினேன். அழுதேன். "உனக்கு என்னடா குறை வெச்சோம்?" என்றேன். "பாட்டிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றேன். கடைசியில் "இனிமே செய்ய மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று அந்தக் கையையே பிடித்து இழுத்தேன். சத்தியம் பண்ணினான். முகத்தில் ஒன்றுமே இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றியும், அதைக் கேட்ட பிறகு நம்ம பக்கத்துக் குடும்பம் ஒன்று எந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். நான் எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினான். பேர் வேண்டாம், மற்றபடி போடலாம் என்றான். அந்த இரண்டு திருத்தங்களையும் பின்னால் சொல்கிறேன்.

நம்ம வீட்டுப் பேச்சு

நான் ஆறு வயதில் அப்பா அம்மாவோடு திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்தவள். வென்ட்வொர்த்வில்லில் வளர்ந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் மெல்பர்ன் வந்தோம். டார்னெய்ட்டில் வீடு கட்டி ஏழு வருஷமாகிறது.

எங்கள் வீட்டில் சாவைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. எம் 4 நெடுஞ்சாலையில் டிராஃபிக் என்றால் அப்பா "செத்துடலாம் போல இருக்கு" என்பார். மனஸ்தாபம் வந்தால் அம்மா, "நான் ஒரேயடியா போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்பார். டிவி சீரியலில் தினம் ஒருத்தர் அதைச் சொல்லி மிரட்டுவார்கள். உங்கள் வீட்டிலும் இதெல்லாம் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒருத்தர் நிஜமாகவே சாக நினைக்கும்போது அதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் வார்த்தை "தற்கொலை". செய்தி வாசிப்பவர் சொல்லும் வார்த்தை அது. சாப்பாட்டு மேஜையில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதனால் எனக்கு என்ன ஆயிற்று என்றால், மகன் சொன்னது காதில் விழவில்லை. டிசம்பர் லீவில் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் ஈஸியா இருக்கும்ல?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "டயலாக் அடிக்காதே, அந்த டிரேயை எடு" என்றேன். என் அம்மாவிடமிருந்து நூறு தடவை கேட்ட வசனம் ஆயிற்றே. அது வசனம் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தான் ஒரு பாரம் என்று சொல்வது, பிடித்த விஷயங்களை விட்டுவிடுவது, தூக்கம் தலைகீழாக மாறுவது, ஆசையாக வைத்திருந்த பொருட்களைச் சும்மா எடுத்துக் கொடுப்பது, நண்பர்களிடமிருந்து விலகுவது, வெயிலிலும் உடம்பை மூடிக்கொண்டே இருப்பது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அதுவும் முன்பு இல்லாத மாற்றமாக வந்தால், உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாதா?

அன்றைக்கு ராத்திரி என் கணவர் சதர்ன் கிராஸிலிருந்து வரும் வி/லைன் ரயிலில் வந்து இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டேஷன் கார் பார்க்கிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்து யாருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கும் மகன் ரூமின் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. நான் கராஜில் போய்க் காருக்குள் உட்கார்ந்து 13 11 14 அடித்தேன். லைஃப்லைன். 1963-ல் சிட்னியில் ஆலன் வாக்கர் என்ற பாதிரியார் தொடங்கிய தொலைபேசிச் சேவை. சாக நினைப்பவர் மட்டும்தான் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பக்கத்தில் இருந்து பயப்படுகிறவர்களும் கூப்பிடலாம்.

எடுத்தவர் ஒரு அம்மா. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். அப்புறம் கேட்டார், உங்கள் மகன் தற்கொலையைப் பற்றி யோசிக்கிறானா என்று அவனிடமே கேட்டீர்களா என்று. "ஐயோ, இல்லைங்க. கேட்டால் நானே அந்த எண்ணத்தை அவன் தலையில் போட்டுவிட்ட மாதிரி ஆகாதா?" என்றேன். ஆகாது என்றார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஏற்கெனவே இருந்தால், தனியாகச் சுமந்த ஒன்றைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வரும்.

இது அந்த ஒரு அம்மாவின் கருத்து மட்டுமல்ல என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மனநலத்துக்கான முதலுதவிப் பயிற்சி, மென்டல் ஹெல்த் ஃபர்ஸ்ட் எய்ட், 2000-ல் கான்பெராவில் பெட்டி கிச்சனர், டோனி ஜார்ம் என்ற கணவன் மனைவி ஆரம்பித்தது. இன்றைக்குப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அதில் சொல்லித் தரும் முக்கியமான பாடமே இதுதான்: சுற்றி வளைக்காதே, நேராகக் கேள். "தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டியே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. பிள்ளை அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

கராஜிலிருந்து உள்ளே வந்து கதவைத் தட்டினேன்.

"கண்ணா, தூங்கலையா?"

"இல்ல."

"நான் கத்தினது தப்புடா. சத்தியம் வாங்கினதும் தப்பு. அதை விட்டுடு."

பதில் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கணும். நீ என்ன சொன்னாலும் கத்த மாட்டேன். உனக்குச் சாகணும்னு தோணுதா?"

ரொம்ப நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"சில சமயம்."

வீடே இடிந்து விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவன் அங்கேயே இருந்தான், நானும் இருந்தேன். இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். "இன்னிக்கு ராத்திரி ஏதாவது செஞ்சுக்கணும்னு இருக்கா?" என்றேன். "இல்ல. இன்னிக்கு இல்ல" என்றான். "சொன்னதுக்கு தேங்க்ஸ்டா" என்றேன். அப்போதுதான் அழுதான். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவன்தான் பேசினான், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக. எட்டாம் வகுப்பில் எழுதிய செலக்டிவ் ஸ்கூல் பரீட்சை, அதற்குப் பிறகு விலகிப்போன நண்பர்கள், வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போதும் தான் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. நான் ஒன்றும் சரிசெய்யவில்லை. "ம்" கொட்டினேன், அவ்வளவுதான்.

மகனின் முதல் திருத்தம் இந்த இடத்தில். "எல்லாம் அந்தப் பரீட்சையில் ஆரம்பித்தது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டான். "ஒரே காரணம்னு எதுவும் இல்லம்மா. அப்படி எழுதினா பரீட்சை எழுதாத பிள்ளைங்களோட அம்மா எல்லாம் நமக்கு இல்லைன்னு நினைச்சுக்குவாங்க" என்றான். சரிதான்.

அன்று ராத்திரி அவன் ரூமிலேயே மெத்தை போட்டுப் படுத்தேன். என் கணவர் வீட்டில் இருந்த மருந்து மாத்திரை எல்லாவற்றையும், ஆபத்தானது என்று தோன்றிய மற்றவற்றையும் எடுத்துப் பூட்டி வைத்தார். இது நம்பிக்கை இல்லாமல் செய்வது இல்லை. சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்கு அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறியிருக்கும் அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலே உயிர் பிழைக்க வழி உண்டு. மகனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டே செய்தோம்.

காயப்படுத்திக்கொள்வதும் சாக நினைப்பதும்

இரண்டும் ஒன்றில்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் நிறையப் பேர் சாக விரும்பிச் செய்வதில்லை. தாங்க முடியாத ஒன்றைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்த வழி அது. "எல்லாரும் பார்க்கணும்னு பண்றான்" என்பது சுத்தமான தப்பு. பெரும்பாலான பிள்ளைகள் ஒளித்தே செய்கிறார்கள். வெயிலில் ஹூடி போடுவது எதற்காக? அதே சமயம், காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னால் தற்கொலை எண்ணம் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் பதறவும் கூடாது, சும்மா விடவும் கூடாது.

இந்த நாட்டில் 15 முதல் 24 வயதுக்குள் இறப்பவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் தற்கொலைதான். ஆஸ்திரேலியா முழுக்க எல்லா வயதிலும் சேர்த்து வருஷத்துக்கு மூவாயிரம் பேருக்கு மேல் இப்படி இழக்கிறோம். அதில் நான்கில் மூன்று பேர் ஆண்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று நாம் சொல்லி வளர்க்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நேரத்தில் எந்தக் கதவு

டார்னெய்ட், ஹாப்பர்ஸ் கிராசிங், வெரிபீ பக்கம் இருப்பவர்களுக்கு நாங்கள் தட்டிய கதவுகளையும், பிறகு தெரிந்துகொண்டவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். போன் எண்கள் பெரும்பாலும் நாடு முழுக்கப் பொதுவானவை. சிட்னிக்காரர்களும் எழுதிக்கொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால், இந்த நிமிஷமே: 000. இல்லையென்றால் நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. நமக்குப் பக்கம் வெரிபீ மெர்சி ஆஸ்பத்திரி. பிள்ளையைத் தனியாக விடாமல் கூடவே இருங்கள். ஒரு நடைமுறை விஷயம்: விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் செலவை மெடிகேர் ஏற்காது. ஆம்புலன்ஸ் விக்டோரியாவில் குடும்பச் சந்தா கட்டி வைத்தால் அந்தக் கவலை இல்லை. இன்றைக்கே கட்டி வையுங்கள். கட்டாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் பில்லைப் பற்றி யோசிக்காதீர்கள்.

ராத்திரி, பேச ஆள் வேண்டும் என்றால்: லைஃப்லைன் 13 11 14, நாள் முழுக்க. பேச முடியாதவர்கள் 0477 13 11 14-க்கு மெசேஜ் அனுப்பலாம். தற்கொலை எண்ணம் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சூசைட் கால் பேக் சர்வீஸ் 1300 659 467. பியாண்ட் புளூ 1300 22 4636.

பிள்ளை தானே பேசுவதற்கு: கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. 5 முதல் 25 வயது வரை, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும். போனில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இணையத்தில் சாட் உண்டு. என் மகன் முதலில் பேசியது சாட்டில்தான். என்ன பேசினான் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

பெற்றோருக்கு: பேரன்ட்லைன் விக்டோரியா 13 22 89, தினமும் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை. நியூ சவுத் வேல்ஸில் இருப்பவர்களுக்கு மாநில மனநல உதவி எண் 1800 011 511, எந்த நேரமும்.

பகலில், அடுத்த படி: ஹெட்ஸ்பேஸ். 2006-ல் ஆரம்பித்த தேசிய அமைப்பு, 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கானது. நமக்குப் பக்கத்து மையம் வெரிபீயில் இருக்கிறது. மையத்துக்குப் போக மனமில்லாத பிள்ளைகள் 1800 650 890 என்ற எண்ணிலோ இணையத்திலோ பேசலாம். எங்கே போவது என்றே தெரியாமல் திகைத்து நின்றால், வார நாட்களில் 1800 595 212 என்ற மெடிகேர் மென்டல் ஹெல்த் எண்ணைக் கூப்பிட்டால் நம்ம பகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்டு வழிகாட்டுவார்கள்.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் டார்னெய்ட்டில் எத்தனையோ இருக்கின்றன. "மெடிகேர் இல்லையே" என்று தயங்க வேண்டாம். லைஃப்லைனிலும் கிட்ஸ் ஹெல்ப்லைனிலும் பேச மெடிகேர் அட்டை தேவையில்லை.

டாக்டரிடம் போனபோது

முதலில் போன கிளினிக்கில் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "டீனேஜ்தானே, ஏதாவது ஸ்போர்ட்ஸில் சேர்த்துவிடுங்க" என்றார். மகன் வெளியே வந்து "பார்த்தியா?" என்றான். அன்றைக்கு விட்டிருந்தால் அவ்வளவுதான். மறுநாள் வேறு கிளினிக்கைக் கூப்பிட்டேன். நான் கற்றுக்கொண்டது: புக் பண்ணும்போதே "மனநலச் சிகிச்சைத் திட்டம் போட வேண்டும், நீண்ட அப்பாயின்ட்மென்ட் கொடுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். அந்த டாக்டர் முதலில் என்னையும் சேர்த்துப் பேசினார், பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனிடம் தனியாகப் பேசினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் மகன் அன்றைக்குத்தான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

ஜிபி இந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்தால் சைக்காலஜிஸ்டைப் பார்க்க ஒரு காலண்டர் வருஷத்துக்கு 10 அமர்வுகள் வரை மெடிகேர் பணம் திருப்பித் தரும். முழுத் தொகையும் வராது, வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் பல்க் பில்லிங் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்று: 2023 மார்ச்சிலிருந்து அந்தப் பத்தில் இரண்டு அமர்வுகள் வரை, பிள்ளையின் சம்மதத்தோடு, அவரைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரே போய்ப் பேசலாம். நாங்கள் இரண்டு பேரும் போனோம். கத்தாமல் கேட்பது எப்படி என்பதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம் என்று என் கணவர் கேலி பண்ணுவார்.

சைக்காலஜிஸ்டுக்காகச் சில வாரம் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த வாரங்களில் எங்களைத் தாங்கியது ஸ்கூல். விக்டோரியாவில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மனநலப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசலாமா என்று மகனைக் கேட்டுவிட்டே பேசினேன். அவர் வாரம் ஒருமுறை அவனைப் பார்த்தார். கணக்கு டீச்சரிடம் விவரம் எதுவும் சொல்லாமலே அசைன்மென்ட்டுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தார்.

பெற்றோருக்கும் உடைந்துபோகும். விக்டோரியாவில் நடந்த மனநல ராயல் கமிஷன் 2021-ல் 65 பரிந்துரைகள் தந்தது. அதன்படி வந்தவைதான் மென்டல் ஹெல்த் அண்ட் வெல்பீயிங் லோக்கல் என்ற மையங்கள். 26 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசம், டாக்டர் சீட்டு தேவையில்லை. முதலில் திறந்தவற்றில் ஒன்று நம்ம பக்கத்துப் பிரிம்பாங்க்கில் இருக்கிறது.

பாதுகாப்புத் திட்டம்

சைக்காலஜிஸ்ட் மகனோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் இதை எழுத வைத்தார். மனசு இறங்க ஆரம்பித்தால் எனக்கு எப்படித் தெரியும்? என்னைச் சுற்றி இருக்கும் இடத்தை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது? வாழ எனக்கு என்ன காரணங்கள்? தனியாக என்ன செய்து சமாளிக்கலாம்? எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம்? யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம்? எந்த எண்ணைக் கூப்பிடலாம்? லைஃப்லைன் நடத்தும் பியாண்ட் நௌ என்ற இலவச ஆப்பில் இதையே போனில் வைத்துக்கொள்ளலாம். மகன் அதில்தான் வைத்திருக்கிறான். 'வாழக் காரணங்கள்' பகுதியில் முதலில் எழுதியது பக்கத்து வீட்டு நாயின் பெயர். நான் மூன்றாவது. எனக்கு வருத்தம் இல்லை. பட்டியலில் இருக்கிறேனே.

பாட்டிக்குச் சொன்னது

இரண்டு மாதம் என் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லலாமா என்று மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "போலீஸ் கேஸ் ஆயிடாதே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா வளர்ந்த ஊரில் அப்படித்தான் இருந்தது. தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவு இந்தியாவில் ரொம்ப காலம் இருந்தது. 2017-ன் மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவே போய்விட்டது. ஆஸ்திரேலியாவிலும் அது குற்றம் இல்லை. "உதவி கேட்டா உதவிதான்மா வரும்" என்றேன்.

நம்ம ஊரில் இதைப் பேசவே ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-லேயே சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய மாணவர்கள் ஒரு வருஷம் வீணாகாமல் சீக்கிரமே மறுதேர்வு எழுத வழி வந்ததற்குப் பின்னாலும் அவர்களுடைய குரல் இருக்கிறது. ஊரில் உங்கள் சொந்தக்காரர்களுக்குத் தேவைப்பட்டால் சிநேகா 044-2464 0050. இந்திய அரசின் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

இங்கேயே இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும், ஆங்கிலத்தில் மனசைச் சொல்ல வராதவர்களுக்கும் 131 450. அது டிஸ் நேஷனல் மொழிபெயர்ப்புச் சேவை, நாள் முழுக்க உண்டு. "தமிழ்" என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார். "லைஃப்லைனுக்கு இணைத்துக் கொடுங்கள்" என்றால் இணைப்பார். ஜிபியிடம் போகும்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். தயவுசெய்து உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

யாரையாவது ஏற்கெனவே இழந்துவிட்ட குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கென்றே ஸ்டாண்ட்பை என்ற சேவை இருக்கிறது: 1300 727 247. சாப்பாடு செய்து கொண்டு போங்கள். இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். "எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாட்ஸப் குழுவில் விவரத்தைச் சுற்றுக்கு விடாதீர்கள். அதைப் படிக்கிறவர்களில் அன்றைக்கு மனசு உடைந்து இருக்கும் ஒரு பிள்ளையும் இருக்கலாம்.

இரண்டாவது திருத்தம்

"இப்போது எல்லாம் சரியாகிவிட்டது" என்று முடித்திருந்தேன். மகன் அதையும் அடித்துவிட்டான். "முன்னைக்கு இப்போ பரவாயில்லைன்னு போடு" என்றான். முன்னைக்கு இப்போ பரவாயில்லை. சில வாரம் நன்றாகப் போகிறது. சில நாள் கதவு சாத்தியே இருக்கிறது. அப்போது போய்த் தட்டி அதே கேள்வியைக் கேட்கிறேன். இப்போதும் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது. ஆனால் வாயில் வந்துவிடுகிறது. தமிழில் கேட்க உங்களுக்கு வரவில்லை என்றால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், "ஆர் யூ திங்கிங் அபௌட் சூசைட்?" என்று. கேட்டுவிட்டு அவசரப்பட்டுப் புத்தி சொல்லாமல் காத்திருங்கள்.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் மலைக்கோட்டை மேக்னெட்டுக்கு அடியில் ஸ்கூல் டைம்டேபிள் இருக்கிறது. அதன் பக்கத்தில் மேலே சொன்ன எண்களில் ஐந்தாறை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று முதலில் தயங்கினேன். போன மாதம் பொங்கப்பானை கடன் வாங்க வந்த ஒரு தோழி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனாள். நானும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ராத்திரி அவளே கூப்பிட்டாள்.

அந்தத் தாளின் கடைசி வரி என் எழுத்து இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தபோது, எல்லா எண்களுக்கும் கீழே, மகன் பென்சிலில் கிறுக்கியிருந்தான்: "அம்மா. பக்கத்து ரூம். 24 மணி நேரமும். இப்போல்லாம் கத்துறதில்ல."